அப்போ நான் எடுத்த ஞானஸ்நானம் வேஸ்ட்டா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க பெந்தெகொஸ்தே குடும்பம். 17 வயசுல தாமிரபரணில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், அம்மா கரையில துண்டோட நின்னாங்க. இப்போ சென்னையில வேலை, ரூம்மேட்கூட கத்தோலிக்க கோயில் பூசைக்கு போக ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. அங்க இருக்குற அமைதி புடிச்சிருக்கு. ஆனா ஜெபமாலை சொல்ல வாய் வரல, மாதா விஷயம் உறுத்துது. கத்தோலிக்கத்துல சேரணும்னா திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணுமா? அம்மாகிட்ட இன்னும் சொல்லல.
- பேர் வேண்டாம், சென்னை

பதில்: திரும்ப எடுக்க வேண்டாம் தங்கச்சி. தண்ணியில, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொல்லி குடுத்திருந்தா அது செல்லும்னுதான் கத்தோலிக்கத் திருச்சபை சொல்லுது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, கத்தோலிக்கர் யாராச்சும் பெந்தெகொஸ்தே சபைக்கு போனா குழந்தையில எடுத்ததெல்லாம் கணக்குல வராதுன்னு மறுபடி தண்ணிக்குள்ள எறக்குவாங்க, இந்தப் பக்கம் வர்றவங்கள அப்படி எறக்கறதில்ல. ஒண்ணு மட்டும் விசாரிச்சுக்கோங்க, சில சபையில 'இயேசுவின் நாமத்தில்'னு மட்டும் சொல்லி குடுப்பாங்க, அப்படின்னா ஃபாதர் புதுசா குடுப்பார்.

மத்தபடி கொஞ்ச மாசம் மறைக்கல்வி, அப்புறம் பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவத்த அறிக்கை பண்றது), உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்த உறுதிப்படுத்துறது), நற்கருணை (உங்க சபை பாஷையில திருவிருந்து). அதுவரைக்கும் நன்மை (நற்கருணையத்தான் அப்படி சொல்வோம்) வாங்க வரிசையில போகாதீங்க. ஃபாதர் எடுத்த உடனே "கல்யாண விஷயமாம்மா?"ன்னு கேட்டாலும் கேப்பார், கோவப்படாதீங்க, அந்த மாதிரி நெறைய பேர் வருவாங்க.

மாதா விஷயத்துக்கு உங்க பழைய பைபிளயே எடுங்க. லூக்கா 1:28, "கிருபை பெற்றவளே, வாழ்க"ன்னு தூதன் சொல்றான். 42ல எலிசபெத்து "ஸ்திரீகளுக்குள்ளே நீ ஆசீர்வதிக்கப்பட்டவள்"ங்கறா. ஜெபமாலையில "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு வர்ற ஜெபத்தோட முதல் பாதி இதேதான், தமிழ்தான் வேற, பரிசுத்த ஆவி இங்க தூய ஆவி ஆன மாதிரி. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு வருதே அந்த ரெண்டாவது பாதி, அது உறுத்தத்தான் செய்யும், நெஜமான வித்தியாசமே அங்கதான் இருக்கு. நீங்க அம்மாவுக்கு போன் போட்டு எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்ற மாதிரி பரலோகத்துல இருக்கறவங்ககிட்டயும் சொல்லலாம், ஆராதனை மட்டும் கடவுளுக்குத்தான்னு கத்தோலிக்கர் சொல்வாங்க, உங்க சபை இத ஏத்துக்காது. மனசு ஒத்துவராம வாய மட்டும் அசைக்காதீங்க, இப்போதைக்கு முதல் பாதியோட நிறுத்திக்கோங்க.

அவசரமே இல்ல. ஜான் ஹென்றி நியூமன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 1816ல 15 வயசுல இவாஞ்சலிக்கல் பாணியில மனம் திரும்பினவர், கத்தோலிக்கர் ஆனது 1845ல, நடுவுல 29 வருஷம். 2019ல புனிதர் பட்டமே குடுத்தாங்க. அவர் அந்த 15 வயசு அனுபவத்த பொய்னு கடைசி வரைக்கும் சொல்லல.

இன்னொன்னு, உங்க சபையில ஒரு வாரம் வரலன்னா நாலு பேர் போன் பண்ணுவாங்க. இங்க நன்மை வாங்கின கையோட பைக் எடுக்க ஓடுற கூட்டம், ஆறு மாசம் போனாலும் உங்க பேர் யாருக்கும் தெரியாது (நான் பொறந்ததுல இருந்து கத்தோலிக்கம், சொல்ல உரிமை இருக்கு). கைதட்டிப் பாடணும்னு ஏக்கமா இருந்தா அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) ஜெபக்கூட்டம் எங்க நடக்குதுன்னு கேளுங்க, கத்தோலிக்கத்துக்குள்ளயே, 1967ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச இயக்கம், அன்னிய பாஷை கூட உண்டு.

ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேப்பாங்க. பாஸ்டர் எழுதித் தரலன்னா பாத்த ஒரு ஆள் சாட்சி சொன்னா போதும். துண்டோட கரையில நின்னவங்கதான் இருக்காங்களே, அவங்களயே கேளுங்க.