ஒரு சீசன் சறுக்கிய ஹிட்டரை டிரேட் செய்துவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பாஸ்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் பேஸ்பால் பார்க்கப் பழகியிருக்கிறேன். இந்த ஊர் அணியான ரெட் சாக்ஸில் ஜாரன் டுரான் 2024-ல் அபாரமாக ஆடினார், 2025-ல் இறங்கிவிட்டார். அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்புறத்தில், மூன்று இடத்துக்கு ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்களே? தொடர்ச்சியாக அடிக்காத இவரைக் கொடுத்து ஒரு நல்ல பிட்சரை (பந்து போடுபவரை) வாங்குவது புத்திசாலித்தனம்தானே?"

இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். அந்த 'தொடர்ச்சி' என்ற வார்த்தை விடவில்லை. 2025 ஏப்ரலில் அதே வார்த்தையை வைத்துக்கொண்டு அலுவலகச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரோடு மல்லுக்கட்டியவன் நான். உங்களுக்கும் அப்படி ஒரு மேசை இருக்கும் என்று ஊகிக்கிறேன். நீங்கள் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் டுரான் கணக்கைப் பார்த்துவிடுவோம், சின்னதுதான். 2024-ல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது மட்டை பிடித்த தடவைகளில் ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது) ஆன பங்கு, 0.285. அந்த ஆண்டு 48 டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை), 14 டிரிபிள் (மூன்றாவது வரை), போதாததற்கு ஆல் ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர் பட்டமும். 2025-ல் 0.256. பார்க்கப் பெரிய சரிவுதான். ஆனால் 600 சொச்சம் தடவை மட்டை பிடிக்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 18 ஹிட். சீசன் ஆறு மாதம். ஆக மாதத்துக்கு மூன்று ஹிட் குறைவு. எதிரணியின் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) பாய்ந்து பிடித்தது ஒன்று, காற்றில் நின்றுபோனது ஒன்று, நிஜமாகவே சொதப்பியது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க அதிர்ஷ்டம்தான் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு மாதத்தில் மூன்று ஹிட் குறைந்ததைத் தினமும் ஆட்டம் பார்க்கிறவராலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான் சொல்ல வருகிறேன். நமக்கு நினைவில் நிற்பது அவர் கடைசியாக ஸ்ட்ரைக் அவுட் ஆகி (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழந்து) மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்த காட்சி.

இனி என் கதை. ரஃபேல் டெவர்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 சாம்பியன் அணியில் இருந்தவர், 2023 ஜனவரியில் 31 கோடியே 35 லட்சம் டாலருக்குப் பத்து வருட ஒப்பந்தம் போட்டவர், மூன்றாவது பேஸ்காரர். 2025 தொடக்கத்தில் அலெக்ஸ் ப்ரெக்மன் வந்து சேர, இவரிடம் "நீ இனி ஃபீல்டிங் பண்ண வேண்டாம், அடித்தால் போதும்" என்று டெசிக்னேட்டட் ஹிட்டராக்கிவிட்டார்கள். மனக்கசப்போடுதான் சீசனைத் தொடங்கினார். முதல் ஐந்து ஆட்டத்தில் 19 வாய்ப்பு, ஒரு ஹிட் கூட இல்லை, 15 ஸ்ட்ரைக் அவுட். முட்டை என்றால் முழு முட்டை.

அந்த வாரம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "இவருக்குத் தொடர்ச்சி கிடையாது, எப்போதுமே இப்படித்தான், இப்போதே யாரிடமாவது தள்ளிவிடுங்கள்" என்றேன். எப்போதுமே இப்படித்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த ஐரிஷ் பெரியவர் (எங்கள் குழுவில் மூத்தவர், நாற்பது வருடமாக ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே போகிறவர்) சாண்ட்விச்சை வைத்துவிட்டு, "மே கடைசியில் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். ஆறாவது ஆட்டத்தில் பால்டிமோரில் முதல் ஹிட் வந்தது. மே மாதத்தில் அதே பால்டிமோருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு ரன் அடித்துச் சேர்த்தார். மே கடைசியில் நான் சாப்பாட்டை என் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. முதல் பேஸ்காரர் காஸஸுக்கு மே தொடக்கத்தில் முழங்காலில் பலமான அடி, சீசனே போயிற்று. டெவர்ஸை முதல் பேஸுக்கு வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அணி முதலாளி கான்சாஸ் சிட்டி வரை பறந்து போய்ப் பேசிப் பார்த்தார். ஊரே டெவர்ஸைத் திட்டியது, நானும் சேர்ந்துகொண்டேன். "இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு இடம் மாற மாட்டாராமா?" என்று வீட்டில் கத்தியபோது, என் மனைவி கேரட் சீவுவதை நிறுத்தாமலே கேட்டாள்: "உங்களை டெஸ்டிங்குக்குப் போகச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனியில் ஆறு வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்தேன். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். "நீங்கள் கொஞ்ச நாள் ரிப்போர்ட் பாருங்கள்" என்றார்கள், பார்த்தேன். நான்கு மாதம் கழித்து டெஸ்டிங்கில் ஒருவர் விலகினார், "அங்கே போங்கள்" என்றார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் போயிருப்பேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஆண்டு மதிப்பீட்டில் 'குழுவோடு ஒத்துழைப்பு' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருடமும் அதே கட்டத்தில் நான்கோ ஐந்தோதான் போட்டிருந்தார்கள். விசா காலம், வாயைத் திறக்க முடியுமா? எட்டு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. டெவர்ஸும் நானும் ஒன்று என்று சொல்லவில்லை. அவர் கையில் 31 கோடி டாலர், என் கையில் வீட்டுக் கடன்.

சரி, ஜூன் 15-க்கு வருகிறேன். தந்தையர் தினம், ஞாயிற்றுக்கிழமை. மகளைக் கூட்டிக்கொண்டு ஃபென்வே போனேன். பரம வைரிகளான நியூயார்க் யாங்கீஸோடு ஆட்டம். அவள் டெவர்ஸின் 11-ஆம் எண் போட்ட சட்டையில் இருந்தாள், நான் வாங்கித் தந்ததுதான். (பார்க்கிங்குக்கு அன்று கொடுத்த காசில் இரண்டு வாரத்து மளிகை வாங்கியிருக்கலாம், அது தனி வயிற்றெரிச்சல்.) டெவர்ஸ் ஹோம் ரன் அடித்தார். இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம், யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் வீழ்த்தியாயிற்று. மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து தோசைக்கல் அடுப்பில் ஏறும் நேரம் போன் அதிர்ந்தது. டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஜோர்டன் ஹிக்ஸ், கைல் ஹாரிசன், இன்னும் இரண்டு இளைஞர்கள். ஒப்பந்தத்தில் மீதி இருந்த 25 கோடி டாலருக்கு மேற்பட்ட சம்பளமும் ஜயன்ட்ஸ் தலையில். ஏப்ரலில் நான் கேட்டது அப்படியே நடந்திருக்கிறது. மகள் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "நீதானேப்பா டிரேட் பண்ணணும்னு சொன்னே?" என்றாள். தோசை கருகிப்போனது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாஸ்டனில் அந்த சீசனில் அவர் சராசரி 0.272, சான் பிரான்சிஸ்கோவில் 0.236. இரண்டு ஊரும் சேர்த்து 35 ஹோம் ரன். ஜயன்ட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி. ரெட் சாக்ஸ் 89 ஆட்டம் ஜெயித்து, பிரிவில் முதலிடம் வராதவர்களுக்கான வைல்டு கார்டு வழியாக பிளேஆஃபில் (இறுதிச் சுற்றுகளில்) நுழைந்து யாங்கீஸிடமே தோற்றது. "பார்த்தாயா, விற்றது சரிதான்" என்று இதைக் காட்டி அடிக்க வருபவர்கள் உண்டு, வரட்டும். அவர்கள் ஹிக்ஸ் பாஸ்டனில் பந்து போட்ட லட்சணத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டும். டெவர்ஸின் இடத்துக்கு வந்த ப்ரெக்மனும் அந்த ஒரு சீசனோடு ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டார். ஆக, மூன்றாவது பேஸில் டெவர்ஸும் இல்லை, ப்ரெக்மனும் இல்லை.

இதனால்தான் "நான்கு பேர் இருக்கிறார்களே" என்ற உங்கள் வாதமும் எனக்கு ஒத்துவரவில்லை. 2025-ல் டுரான், ரஃபேலா, ஆப்ரூ, ஜூனில் வந்த ரோமன் ஆன்டனி என்று நால்வர் இருந்தது உண்மை. ஆகஸ்டில் ஆப்ரூவுக்கு ஆடுசதையில் காயம். செப்டம்பர் தொடக்கத்தில் ஆன்டனிக்கு விலாப்பக்கத் தசையில் காயம், பிளேஆஃபுக்கும் அவர் திரும்பவில்லை. தேவைக்கு மேல் இருக்கிறது என்று ஜூலையில் தோன்றியது, செப்டம்பரில் போதவில்லை. 162 ஆட்டம் ஆடுகிற விளையாட்டில் மிச்சம் என்று எதைச் சொல்வது?

டுரானை விற்கவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே இறங்கி ஆறு இன்னிங்ஸ் நின்று பந்து போடும் இளம் பிட்சர், இன்னும் நான்கைந்து வருடம் அணியின் பிடியில் இருப்பவர் கிடைத்தால் பேசலாம். "இவர் தொடர்ச்சியாக அடிப்பதில்லை, எதையாவது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்" என்றால் என் ஓட்டு கிடையாது. அப்படி எரிச்சலில் நிற்கும் அணியிடம் எதிரில் இருப்பவன் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான்.

கிரிக்கெட் நண்பர்கள் "நான்கு முறை வந்து ஒரு முறை அடிப்பவனுக்கு இத்தனை கோடியா?" என்று பின்னூட்டம் போடத் தயாராக இருப்பீர்கள். பத்துக்கு மூன்று அடித்தால் இங்கே நட்சத்திரம். 1941-ல் டெட் வில்லியம்ஸ் பத்துக்கு நான்கைத் தாண்டினார், 0.406. அதற்குப் பிறகு மேஜர் லீகின் இரு பாதிகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் ஒரு முழு சீசனில் யாரும் அந்த 0.400-ஐத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் 'தொடர்ச்சி'யை எங்கே போய்த் தேடுவது?

கடைசியாக ஒன்று. உங்கள் சாப்பாட்டு மேசையில் டிரேட் பேச்சு வந்தால் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள், ரெட் சாக்ஸின் நட்சத்திரமாக இருந்த மூக்கி பெட்ஸ் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். 2020-ல் அவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள், அந்த ஆண்டே அங்கே கோப்பை, அப்புறம் 2024, 2025 என்று இன்னும் இரண்டு. ஒருமுறை தெரியாமல் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். இரண்டு மணி மீட்டிங்குக்கு எங்கள் மேசையிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை.