சீட்டு எழுதும் மூன்று நிமிடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இரண்டு வருடமாக ஆடும் ஆன்லைன் கேமில் ஒரு குழு வாரம் ஒருமுறை பாய்மரக் கப்பல் போர் நடத்துகிறது. கேமுக்குள் அதற்கென்று வசதி எதுவும் இல்லை. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், சாட்டில் உருட்டும் பகடை, ஒரு நடுவர், அவ்வளவுதான். இரண்டு போரில் கலந்துகொண்டேன். முதல் போரில் எதிரிக் கப்பல் இருக்கும் இடத்தையே நடுவர் சொல்லவில்லை. திடீரென்று பக்கத்தில் வந்து சுட்டுவிட்டார்கள். இரண்டாவதில் என் கப்பல் எங்கள் அணித்தலைவரின் கப்பல் மீதே மோதியது. எல்லோர் முன்னாலும் திட்டு. சாட் பகடையை நம்பலாமா? எந்தக் கப்பலைக் கேட்டு வாங்குவது? இந்த மாதிரிக் குழுவில் சேர முறை என்று ஏதாவது உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திட்டு வாங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மை உள்ளவருக்கு இந்த ஆட்டம் படியும். ஆனால் திட்டியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பகடைக் கேள்வியை விடுங்கள். பகடையைச் சந்தேகிப்பவர் எல்லாரும் தோற்ற மறுநாள்தான் சந்தேகிக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விதியில் ‘இரண்டு பகடை’ என்று இருந்தால் 1 முதல் 6 வரை இரண்டு முறை உருட்டிக் கூட்ட வேண்டும். சோம்பல்பட்டு 2 முதல் 12 வரை ஒரே உருட்டாகப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36-க்கு 10, அதாவது 28 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரே உருட்டில் அது 11-க்கு 4, 36 சதவீதம். 12 விழுவது மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். பகடை எண்ணைப் பார்த்துச் சேதம் சொல்லும் பீரங்கி அட்டவணை முழுவதும் சாய்ந்துபோகும். இது பகடையின் குற்றமா?

நடுவர் மறைத்தார் என்ற புகாரை நான் ஏற்கவில்லை. 1942-ல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு பயிற்சிக் கூடம் நடத்தியது. தரையில் கட்டம் வரைந்து, சாக்பீஸால் கப்பல்களின் தடத்தைக் குறித்து, நீர்மூழ்கிகளை எதிர்த்து ஆடினார்கள். வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் கப்பலின் தளபதியாக ஆடுபவரை ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். அதில் இருக்கும் சிறிய துவாரம் வழியாக, கடலில் அவர் கண்ணுக்கு எது படுமோ அது மட்டும் தெரியும். நீர்மூழ்கியின் தடம் அந்தக் கோணத்தில் தெரியாத பச்சை நிறத்தில். நிஜப் போருக்குப் போகிறவர்களுக்கே அப்படித்தான். உங்கள் நடுவர் மூடுபனி என்று ஒரு வரி சொல்லியிருப்பார், நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள்.

இனி அந்த மோதல். ஒவ்வொரு சுற்றிலும் நம் கப்பல் எப்படி நகர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கட்டளைச் சீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிறவர்கள் பீரங்கியைப் பற்றியே கேட்கிறார்கள். சீட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஆட்டமே அந்த ஒரு வரிச் சீட்டில்தான் இருக்கிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி நடுவருக்குத் தனிச்செய்தியாக அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது. எழுதும் முறை எளிது. எண் என்றால் அத்தனை கட்டம் முன்னே. ‘இ’ என்றால் இடப்பக்கம் ஒரு திருப்பம், 60 டிகிரி. ‘வ’ வலப்பக்கம். பெரும்பாலான குழுக்களில் திருப்பமும் ஒரு நகர்வைச் சாப்பிடும். வேகம் 4, அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு நகர்வு என்றால் ‘2இ1’ சரி, ‘2இ2’ தவறு. தவறான சீட்டு வந்தால் பல நடுவர்கள் கப்பலை நேராக ஓட்டிவிடுவார்கள். நேரே மணல்திட்டு இருந்தால் உங்கள் விதி.

இப்போது உங்கள் கதை. தலைவருக்கு இரண்டு கட்டம் பின்னால் இருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வேகம் 4. போன சுற்றில் அவருடைய பாய்மரம் அடிவாங்கி வேகம் 2 ஆகிவிட்டது. நீங்கள் வழக்கம்போல 4 எழுதினீர்கள். நடுவர் ஒவ்வொரு நகர்வாக நகர்த்துகிறார். இரண்டாம் நகர்வோடு அவர் நின்றுவிடுகிறார். நீங்கள் மூன்றாவதில் அவருடைய முதுகை ஒட்டி வந்து, நான்காவதில் அவர் இருக்கும் கட்டத்துக்குள்ளேயே நுழைகிறீர்கள். இதற்குப் பகடையே தேவையில்லை, வெறும் கூட்டல் கழித்தல். மூன்று கட்டம் பின்னால் இருந்திருந்தால் அதே 4 உங்களை அவருக்கு ஒரு கட்டம் பின்னால் நிறுத்தியிருக்கும். ஒரே கட்டம் பின்னால் இருப்பது இன்னும் மோசம். அவர் ‘1இ2’ என்று திரும்பினாலே போதும், அவர் நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டிருக்கும் அதே நகர்வில் நீங்கள் மேலே ஏறிவிடுவீர்கள்.

அவருடைய பாய்மரம் போன செய்தி சாட்டில் வந்திருக்கும். சுட்ட பிறகு சேதம் அறிவிப்பார்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த சீட்டு. மூன்று நிமிடம் அவகாசம் இருக்கும்போது முதல் பத்து நொடியில் சீட்டை அனுப்பிவிட்டு எதிரிக் கப்பலின் அழகை ரசித்துக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கும். உங்களைத் திட்டியது மோதியதற்காக இருக்காது. வாசிக்காததற்காக. அவரும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், அது வேறு.

ஆகவே சீட்டு எழுதும் மூன்று நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சேத அறிவிப்பு, நம் பக்கத்துக் கப்பல்களுடையது. பிறகு காற்று மாறியதா என்று பாருங்கள். சதுரப்பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 டிகிரிக்குள் போக முடியாது. அதனால் காற்று அறுகோணத்தின் ஒரு பக்கம் அளவுக்குத் திரும்பினாலே உங்கள் 4 சட்டென்று 2 ஆகலாம். முன்னால் போகிறவர் நின்றால் நாம் எங்கே இருப்போம் என்று விரல் வைத்து எண்ணுங்கள். எதிரியைக் கடைசியாகப் பாருங்கள். எதிரியை முதலில் பார்ப்பவன்தான் சொந்தக் கப்பலில் மோதுகிறான்.

எந்தக் கப்பல் என்று கேட்டீர்கள். மூன்று தளமும் நூறு பீரங்கியும் கேட்காதீர்கள், திரும்பவே மாட்டாது. ஃபிரிகேட் என்ற சிறிய, வேகமான போர்க்கப்பலைக் கேளுங்கள். பாய்மரக் காலத்தில் ஃபிரிகேட்டுகள் பெரிய கப்பல்களின் போர் வரிசைக்கு வெளியே நின்று தலைவரின் கொடிச் சைகைகளைத் திரும்பக் காட்டும், புகையில் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாதே என்று. ஃபிரிகேட்டுகள் முதலில் சுடாதவரை பெரிய கப்பல்கள் அவற்றைச் சுடுவதில்லை என்ற வழக்கமும் இருந்தது. உங்கள் குழுவில் அந்த வழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

சேரும் முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு போரை வேடிக்கை பாருங்கள். கப்பலின் நிலையைக் குறிக்கும் அட்டையில் உடல், பாய், ஆட்கள் என்ற மூன்று வரிசையிலும் சேதமானதை வேறு யாருக்காவது அடித்துக் குறித்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பாதியில் காணாமல் போகும் கப்பலை என்ன செய்வது என்று தெரியாமல் நடுவர்தான் தவிப்பார். இணையம் அறுந்தால் என் கப்பல் தலைவரைப் பின்தொடரட்டும் என்று ஒரு நிரந்தரக் கட்டளையும் கொடுத்து வையுங்கள். டிராஃபல்கர் கடற்போருக்கு முன் 1805 அக்டோபர் 9 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் நெல்சன் எழுதிய குறிப்பில், சைகை தெரியாதபோது எதிரிக் கப்பலின் பக்கத்தில் தன் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தும் தளபதி பெரிய தவறு செய்துவிட மாட்டான் என்று இருக்கிறது. புதியவர்கள் இதை மேற்கோள் காட்டிக்கொண்டு வரிசையை உடைத்து ஓடுகிறார்கள். ‘சைகை தெரியாதபோது’ என்பதை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குச் சைகை தெரிந்தது, சாட்டிலேயே இருந்தது.

அடுத்த வாரம் போங்கள். போர் தொடங்கும் முன் உங்கள் தலைவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள், மூன்று கட்டம் பின்னால் வருகிறேன் என்று.