ஊரடங்கோடு நின்றுபோன காலை நடை

வணக்கம் சார். ஊரடங்கில் நின்ற காலை நடையை இன்னும் தொடர முடியவில்லை, வீட்டிலிருந்தே வேலை என்றானபின் தூக்கம் இரவு ஒரு மணிக்குப் போய்விட்டது, எடையும் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறியாகிவிட்டேன் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 2020 மார்ச் 25-ல் நடை மட்டுமா நின்றது? பேருந்து நிறுத்தம் வரை நடப்பது, அலுவலக மாடிப்படி, ஒன்பது மணிக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம், எல்லாமே சேர்ந்து போயின. எனக்கும் அப்படித்தான் ஆனது.

ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்துக்கு எழுந்தால் நாலு நாள்கூடத் தாங்காது. முதலில் எழும் நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவாருங்கள், ஞாயிறும் அதே நேரம். எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். காலை வெளிச்சம் பட்டால் இரவில் தூக்கம் சீக்கிரம் வரும். நான் மீண்டது இப்படித்தான்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். போன் பேசிக்கொண்டே வேகமாக நடப்பதும் சேரும்.

அப்புறம், கொரோனா வந்து போனதிலிருந்து படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.