ரீசெட் அடிக்கறதுக்கு முன்னாடி, காப்பி பண்ணத திறந்து பாத்தீங்களா?

கேள்வி: அண்ணா, எங்க வீட்டு டெஸ்க்டாப்புக்கு எட்டு வயசாச்சு, ஆன் பண்ணிட்டு போய் சோறு வடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. விண்டோஸ ரீசெட் பண்ணி புதுசு மாதிரி ஆக்குனா சரியாயிரும்னு பையன் சொல்றான். அதுல 'கீப் மை ஃபைல்ஸ்'னு ஒண்ணு வருதே, அத குடுத்தா போதுமா, இல்ல பேக்கப் எடுக்கணுமா? கல்யாண வீடியோ, போட்டோ, மாமனார் டைப் பண்ணி வச்ச தமிழ் லெட்டருங்க, வீட்டுக்காரரோட தேங்கா யாவாரக் கணக்கு டாலில, எல்லாமே அதுக்குள்ளதான். 32 ஜிபி பென்டிரைவ் இருக்கு.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எடுத்தே ஆகணும் தங்கச்சி. 'கீப் மை ஃபைல்ஸ்' குடுத்தா டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ்னு உங்க பேர்ல இருக்குற ஃபோல்டர்ல உள்ளது நிக்கும், ஆனா நீங்க ஏத்துன புரோகிராம் எல்லாம் போயிரும், நடுவுல கரண்ட் போச்சுன்னா என்ன மிஞ்சும்னு யாரும் சொல்ல முடியாது. பக்கத்துலயே 'ரிமூவ் எவ்ரிதிங்'னு இன்னொண்ணும் இருக்கு, அவசரத்துல பையன் அத தொட்டுட்டா முடிஞ்சுது.

டாலிய மொதல்ல பாருங்க. பழைய டாலி ஈஆர்பி 9 வெர்ஷனா இருந்தா கணக்கு பெரும்பாலும் சி டிரைவ்ல டாலியோட ஃபோல்டருக்குள்ளயே இருக்கும், டாக்குமெண்ட்ஸ்ல தேடுனா கிடைக்காது. டாலிக்குள்ளயே பேக்கப்னு ஆப்ஷன் இருக்கு, அதுல எடுங்க, கூடவே டேட்டா ஃபோல்டரையும் முழுசா காப்பி பண்ணுங்க.

மாமனார் லெட்டர் விஷயம் யாருமே யோசிக்காதது. அந்தக் காலத்துல பாமினி, வானவில் மாதிரி ஃபாண்ட்ல அடிச்சிருப்பாரு. ஃபைல் பத்திரமா இருந்தாலும் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழே இருக்காது, இங்கிலீஷ் எழுத்தும் நடுநடுவுல அரைப்புள்ளியுமா வரும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழிச்சவங்கள எனக்குத் தெரியும். ஒரு லெட்டர திறந்து ஃபாண்ட் பேர எழுதி வச்சுக்குங்க, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபாண்ட்ஸ்னு இருக்கும், அங்கிருந்து அத காப்பி பண்ணிக்குங்க. நம்ம பக்கம் மலையாளத்துல மனு அடிக்க எம்எல் கார்த்திகா போட்டிருப்பாங்க, அதுக்கும் இதே கததான்.

கல்யாண வீடியோவ பென்டிரைவ்ல போட்டா 'ஃபைல் டூ லார்ஜ்'னு வரலாம், இடம் காலியா இருந்தாலும் வரும். பென்டிரைவ் ஃபேட் 32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்தா ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. அதுல ஒண்ணும் இல்லாதப்பவே எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் பண்ணிட்டு ஏத்துங்க. மொத்தம் எவ்வளவு வருதுன்னு ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்டீஸ்ல பாருங்க, 32 ஜிபி பத்தாதுன்னா எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிருங்க, இதுல சிக்கனம் வேண்டாம்.

இனி என் கதை ஒண்ணு சொல்றேன், இதுக்காகத்தான் இவ்வளவு நீட்டுறேன். எங்கம்மா பாடுனத போன்ல ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்தேன், டெஸ்க்டாப்ல 'அம்மா பாட்டு'ன்னு ஃபோல்டர் தெரியும். அத பென்டிரைவுக்கு காப்பி பண்ணேன், ஒரு செகண்ட்ல முடிஞ்சுது, சந்தோஷமா கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணிட்டேன். நான் காப்பி பண்ணது வெறும் ஷார்ட்கட், அசலுக்கு வழி காட்டுற ஐகான் மட்டும்தான். மூலையில சின்னதா வளஞ்ச அம்புக்குறி இருந்துருக்கு, நான் கவனிக்கல. அசல் ஃபோல்டர் சி டிரைவ்ல வேற எங்கயோ இருந்து அழிஞ்சு போச்சு. அம்மா இப்ப இல்ல. அதனால கைய கூப்பி கேட்டுக்கறேன், காப்பி பண்ணதும் பென்டிரைவ பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்ல சொருகி நாலு போட்டோ, வீடியோவோட கடைசி நிமிஷம், ஒரு லெட்டர் திறந்து பாத்துட்டு அப்புறமா ரீசெட்ட தொடுங்க. ரீசெட் ஓடும்போது பென்டிரைவ் கழட்டி வெச்சிருக்கணும்.

இன்னொரு காப்பிய அம்மா வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ குடுத்து வைங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கம்ப்யூட்டரும் பக்கத்துல வச்ச ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே நனஞ்ச வீடுங்க நம்ம கேரளாவுல எத்தனையோ.

கேள்வி: எங்க கம்ப்யூட்டர் விண்டோஸுக்குள்ளயே போக மாட்டேங்குது, ரீசெட் பண்ணிதான் ஆகணும்ங்கறாங்க. உள்ள இருக்கறத எப்படிங்க எடுக்கறது?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: விண்டோஸ் திறக்கலன்னா ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. வேற கம்ப்யூட்டர்ல ஒரு பென்டிரைவ உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம், இலவசம்) போட்டு தயார் பண்ணி, அதுல இருந்து பூட் பண்ணி 'ட்ரை'ங்கறத மட்டும் குடுங்க, 'இன்ஸ்டால்' வேண்டாம். உங்க ஃபைலெல்லாம் தெரியும், வேற டிரைவுக்கு மாத்திக்கலாம். இல்லேன்னா ஹார்ட் டிஸ்க்க கழட்டி சாட்டா யுஎஸ்பி கேபிள்ல மாட்டி வேற கம்ப்யூட்டர்ல பாக்கலாம். பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) கீ கேட்டா அது 48 இலக்க நம்பர், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா பெரும்பாலும் அங்க இருக்கும். டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் வந்தா மட்டும் உடனே ஆஃப் பண்ணிருங்க, மறுபடி மறுபடி ஆன் பண்ணி பாக்காதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்க கைக்கு அப்படியே போகட்டும்.