சூடான இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லையா? பம்ப்பைக் கழற்றும் முன் பார்க்கவேண்டியவை

கேள்வி: என்னிடம் 2004 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. டீசலை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் ரோட்டரி வகை, 12 வோல்ட் செல்ஃப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். விடியற்காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துவிடுகிறது. மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சாவி போட்டால், செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. ஆள் பிடித்துத் தள்ளினால் உடனே பிடிக்கிறது. பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. இப்போது பம்ப்பையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: பம்ப் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் அதைக் கழற்றும் முன் செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. பெரிய செலவில்லாதவை. எல்லாவற்றையும் வண்டி சூடாக இருந்து பிடிக்காமல் நிற்கும் அந்த நேரத்திலேயே செய்யவேண்டும். காலையில் பட்டறையில் விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக் கை வைக்கும்போது இன்ஜின் ஆறிப்போயிருக்கும், ஒரே செல்ஃபில் பிடிக்கும். அப்புறம் அவர் ஊகத்தில்தான் எதையாவது மாற்றவேண்டியிருக்கும். உங்கள் ஹீட்டர் பிளக் அப்படித்தான் மாறியிருக்கிறது, அந்தச் செலவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது குளிர்ந்த இன்ஜினுக்கு உதவுவதற்காக வைத்தது. கெட்டிருந்தால் வண்டி விடியற்காலையில்தான் தகராறு செய்திருக்கும். ரிங், வால்வு தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்தாலும் முதலில் காலையில்தான் தெரியும். ஆகவே இந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிடலாம்.

உங்களுடையது பாஷ் வி.இ. வகை பம்ப் என்று எடுத்துக்கொள்கிறேன். (மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. ஸ்பேர் கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.) இதில் எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பிளஞ்சர். அது சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய் டீசலை அமுக்குகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தமாவது வேண்டும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க பிளஞ்சருக்கும் அது ஓடும் உறையான பம்ப் ஹெட்டுக்கும் நடுவே ரப்பர் சீல், ரிங் எதுவும் கிடையாது. சில மைக்ரான் இடைவெளி, அதில் நிற்கிற டீசல் படலம், அவ்வளவுதான். உராய்வைத் தடுப்பதும் அதே டீசல்தான்.

ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியும் தண்ணீரும் வருஷக்கணக்கில் அந்த இடத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, எட்டு மடங்காகிறது. இதோடு டீசலின் கெட்டித்தன்மையும் சேர்கிறது. நம் நாட்டுத் தரப்படி 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். 80 டிகிரியில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். காலையில் கெட்டியாக இருக்கும் டீசல் தேய்ந்த இடைவெளியையும் ஓரளவு அடைத்துக்கொள்கிறது. சூட்டில் நீர்த்துப்போனதும், அமுக்கிய டீசலில் பெரும்பங்கு பக்கவாட்டில் கசிந்து பம்ப்புக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. நாசில் திறக்கும் அழுத்தம் வருவதே இல்லை.

அந்த அரை மணி நேரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஓடும்போது டேங்கிலிருந்து வரும் டீசல் பம்ப் வழியாகச் சுற்றித் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால் பம்ப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நிறுத்தியதும் டீசல் ஓட்டம், ஃபேன் காற்று, ரேடியேட்டர் தண்ணீர் மூன்றும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. பிளாக்கில் இருக்கிற சூடு மெல்ல பம்ப்புக்கு ஏறுகிறது. நிறுத்திய உடனே சாவி போட்டால் பிடிக்கும், மூன்று மணி நேரம் கழித்தும் பிடிக்கும், நடுவில்தான் வம்பு. உங்கள் வண்டி இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று கவனியுங்கள்.

தள்ளினால் பிடிப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. செல்ஃப் இன்ஜினை நிமிஷத்துக்கு 200 சுற்று அளவில்தான் சுற்றும். பம்ப்புக்கு அதில் பாதி, 100 சுற்று. அவ்வளவு மெதுவாக அமுக்கும்போது கசிவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. இரண்டாம் கியரில் தள்ளி கிளட்ச்சை விட்டால் வேகம் சட்டென்று கூடும், டீசல் கசியும் முன்பே அழுத்தம் ஏறிவிடும்.

ஆனால் செல்ஃப் மோட்டார் சூட்டில் சோர்ந்துபோனாலும் இதே அறிகுறிதான் வரும், தள்ளினால் பிடிக்கவும் செய்யும். அதனால் முதலில் செல்ஃபைத்தான் பார்க்கவேண்டும். காலையில் அது சுற்றுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள், மார்க்கெட்டில் பிடிக்காதபோது இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேகம் குறைந்திருப்பது காதுக்கே தெரிந்துவிடும். பிறகு மல்டிமீட்டர். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து அதேபோல் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் கெட்டிருக்கிறது. புது பேட்டரி போட்டும் குறை தீராத பழைய வண்டிகளில் இந்தக் கேபிளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டும் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் மெதுவாகச் சுற்றினால், செல்ஃபைக் கழற்றி புஷ், கார்பன் பிரஷ் பாருங்கள். செம்புச் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை ஏறத்தாழ கால்பங்கு கூடும். நல்ல மோட்டார் அதைச் சமாளிக்கும், தேய்ந்த மோட்டாரால் முடியாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றினால் சைலன்சருக்குப் போங்கள். உள்ளே ஒருவர் செல்ஃப் அடிக்க, பின்னால் நின்று புகையைப் பாருங்கள். வெள்ளைப்புகை தள்ளிக்கொண்டு வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது பம்ப் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), நாசில் பக்கம் தேடவேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. உங்களுக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

டீசல் போகாததற்கு பம்ப் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பம்ப் மேல் இருக்கும், டீசலைத் திறந்து மூடும் மின்காந்த வால்வான ஸ்டாப் சொலினாய்டு சூட்டில் வேலை செய்யாமல் போவதுண்டு. சாவியை ஆன் செய்யும்போது 'டிக்' என்று அதில் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை நேராக அதற்குக் கொடுத்துப் பாருங்கள். வண்டி பிடித்தால் சாவியிலிருந்து வரும் வயரிங்கில் குறை. அப்போதும் 'டிக்' இல்லையென்றால் சொலினாய்டு போய்விட்டது. பம்ப்போடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

ஏர் லாக் இருக்குமோ என்று கேட்பீர்கள். காற்று இழுக்கும் வண்டி பெரும்பாலும் ராத்திரி முழுவதும் நின்றபிறகு, காலையில்தான் அடம்பிடிக்கும். உங்கள் வண்டிக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்ப்பான பிரைமரை நாலு அமுக்கு அமுக்கிப் பாருங்கள். பிரைமர் கெட்டியாகி, வண்டி உடனே பிடித்தால் ஃபில்டர், பைப், காப்பர் வாஷர் பக்கம் பார்க்கவேண்டும். சமீபத்தில் யாராவது பம்ப் பைப்புகளைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு. ரிட்டர்ன் பைப்பின் போல்ட்டில் 'அவுட்' என்று எழுதியிருக்கும், உள்ளே ஊசிமுனை அளவுத் துளை இருக்கும். அதற்குப் பதில் பெரிய துளையுள்ள சாதாரண போல்ட்டை மாட்டிவிட்டால் பம்ப்பின் உள் அழுத்தமே நிற்காது. இப்படி மாறிப்போன போல்ட்டுக்காக நல்ல பம்ப்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஈரத்துணிச் சோதனை. இன்ஜின் நின்றிருக்கும்போது, பைப்புகள் கிளம்பும் பம்ப் ஹெட் மேல் துணியைச் சுற்றி, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நனைத்துக்கொண்டே பத்து நிமிஷம் விடுங்கள். ஆல்டர்னேட்டரில் தண்ணீர் படக்கூடாது. பிறகு செல்ஃப் அடியுங்கள். அதுவரை பிடிக்காத வண்டி இப்போது பிடித்தால், தேய்ந்திருப்பது ஹெட்டும் பிளஞ்சரும்தான். ஒரு எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் சூடான பம்ப் மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிப்பக்கம் முதலில் சுருங்கி பிளஞ்சரைக் கவ்விப் பிடித்துவிடும், பம்ப் ஜாம் ஆகிவிடும்.

சோதனையில் பிடித்துவிட்டால் டீசல் பம்ப் பட்டறைக்குப் போகலாம். முழுப் பம்ப் வேண்டியதில்லை. ஹெட் அண்ட் ரோட்டாரும் (பம்ப் ஹெட்டும் பிளஞ்சரும் சேர்ந்த செட்) சீல் கிட்டும் புதிதாகப் போட்டு காலிபரேஷன் (பம்ப் தள்ளும் டீசல் அளவைச் சரிசெய்வது) செய்தால் போதும். கழற்றும் முன் பம்ப்புக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், டைமிங் மாறாமல் இருக்கும். சில சமயம் பட்டறையில் பம்ப்பைச் சோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்த்து "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெஞ்சில் ஓடும் எண்ணெய் 40 டிகிரியை ஒட்டியே இருக்கும், டெலிவரியையும் (பம்ப் தள்ளும் டீசல் அளவு) பெரும்பாலும் அதிக வேகத்தில்தான் பார்ப்பார்கள். உங்கள் குறை சூட்டில், குறைந்த வேகத்தில் வருவது. பம்ப்பை 100 சுற்றில் ஓட்டி ஸ்டார்ட்டிங் டெலிவரி அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், தேய்மானம் அங்கேதான் வெளிப்படும். தயங்காமல் கேட்கலாம், அந்த அளவும் பம்ப்பின் டெஸ்ட் சார்ட்டில் இருப்பதுதான்.

காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயில் அழுத்தத்தோடு டீசல் நிற்கும் வகை) வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சூட்டில் இந்தத் தொந்தரவு வரும். அங்கே வழி வேறு: இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் கசிவைக் குப்பியில் பிடித்து அளக்கவேண்டும், ஸ்கேனரில் ரெயில் பிரஷரையும், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். காட்டுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஆர்.பி.எம். பூஜ்யம் காட்டினால், இன்ஜின் சுற்றும் வேகத்தை அளக்கும் கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போகிறது.

பம்ப் வேலை முடியும்வரை மார்க்கெட்டில் நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வையுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள், ஆனால் ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், அடுத்த முறைக்கு முன் செல்ஃப் ஆற நேரம் கொடுங்கள். ஸ்டார்ட்டர் ஸ்ப்ரே அடிக்க யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். ஹீட்டர் பிளக் இருக்கும் இன்ஜினில் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும். புது ஹெட் போட்டு பம்ப் வரும் நாளில், அதை ஏற்றுவதற்கு முன்பே டேங்க்கின் அடிமண்டியை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போட்டுவிடச் சொல்லுங்கள். பழைய ஹெட்டை அரித்தது அந்த மண்டிதான்.