லாச்சிக்குள் கிடந்த பேட்ஜ்: எக்ஸ்ரே அறையில் உழைத்தவருக்கு நட்டஈடு உண்டா?

கேள்வி: ஐயா, ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் எக்ஸ்ரே அறையில் 17 வருடம் உதவியாளராக வேலை செய்தேன். நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எஃப். கட்டினார்கள். கடைசிச் சம்பளம் 42,000 ரூபாய். அங்கே இருபது பேர் வேலை செய்கிறோம். படம் எடுக்கும்போது அழும் பிள்ளைகளையும் நடுங்கும் வயதானவர்களையும் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. கதிரைத் தடுக்கும் ஈயக் கோட் ஒன்றே ஒன்று, அதைப் படம் எடுக்கும் ஐயாதான் போடுவார். சட்டையில் குத்தும் பேட்ஜ் ஒன்று தந்தார்கள். தொலைத்தால் காசு கட்ட வேண்டும் என்று முதலாளி அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுவார். 14 மாதத்துக்கு முன் கண்டியில் எனக்கு சி.எம்.எல். என்ற இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மாத்திரை போடுகிறேன். இப்போது 75,000 ரூபாய் தருகிறேன், இந்தக் கடிதத்தில் கையெழுத்து வை என்கிறார் முதலாளி. 19 வயது மகளை என் இடத்துக்கு எடுப்பாராம். பேட்ஜ்கூட என்னிடம் இல்லையே, எதை வைத்து நிரூபிப்பது? என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள சிங்களக் கடிதத்தை வாசித்தேன். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுவதாகவும், இனி நிறுவனத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சம்மதத்தைத்தான் உங்களிடம் 75,000 ரூபாய்க்கு வாங்கப் பார்க்கிறார்கள்.

அந்தத் தொகையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 21,000 ரூபாயைப் பதினேழால் பெருக்கினால் 357,000 ரூபாய். நீங்களே விலகினாலும், நோயே வராமல் இருந்திருந்தாலும் இது உங்கள் பணம். முதலாளி தருவதாகச் சொல்வது அதில் கால்வாசியைக்கூட எட்டவில்லை!

சரி, நோய்க்கு வருவோம். இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். சி.எம்.எல்., அதாவது குரோனிக் மைலாய்டு லுகேமியா, கதிர்வீச்சுப் பக்கமே போகாதவர்களுக்கும் வருகிறது. ‘இது எக்ஸ்ரேயால் வந்தது’ என்று இரத்தப் பரிசோதனை எதுவும் முத்திரை குத்தித் தராது. பக்கத்தில் நின்று பிடிப்பவர் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர்தான். ஒரு படத்துக்கு அது மிகச் சிறிய அளவு. எதிர்த்தரப்பு சட்டத்தரணி முதலில் பிடிப்பதே இதைத்தான்.

ஆனால் உங்கள் பக்கமும் பலம் இருக்கிறது. பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். வருடக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்ந்த கதிர்வீச்சுக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அதிலும் அந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது உங்களுக்கு வந்திருக்கும் சி.எம்.எல்.லில்தான். நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் இன்னொரு வகையான சி.எல்.எல்.லைக் கதிர்வீச்சோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கமில்லை. வழக்குக்கு வந்தால் இந்த வேறுபாடு பெரிது. அதனால் நோயின் பெயர் கிளினிக் கொப்பியிலும் வைத்தியரின் கடிதத்திலும் முழுதாக இருக்க வேண்டும், வெறுமனே ‘இரத்தப் புற்றுநோய்’ என்று எழுதினால் போதாது. வைத்தியரிடம் ‘எக்ஸ்ரேதான் காரணம் என்று எழுதுங்கள்’ எனக் கேட்காதீர்கள், எழுத மாட்டார். செய்த வேலையையும் காலத்தையும் குறிப்பிட்டு, அது பங்களித்திருக்கக்கூடுமா என்று கேளுங்கள். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடும் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

இனி அந்த பேட்ஜ். அதைப் போட்டிருப்பவர் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளப்பது அதுதான். ‘அது என்னிடம் இல்லையே, எதை வைத்து நிரூபிப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு உலகமெங்கும் ஏற்கப்பட்ட எல்லை, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50க்கு மேல் போகக் கூடாது. எல்லையைத் தாண்டினாரா இல்லையா என்று சொல்லவே பேட்ஜ். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் அடிப்படை விதிகளின்படி, அந்த அளவீட்டுப் பதிவுகளைத் தொழிலாளிக்கு 75 வயது ஆகும்வரையாவது, வேலையை விட்டு 30 வருடமாவது பாதுகாக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்டவும் வேண்டும். லாச்சிக்குள் கிடந்த பேட்ஜ் அளந்தது லாச்சியை. அதில் ‘பூச்சியம்’ என்று வந்திருந்தால் அது உங்கள் உடம்பின் அளவு ஆகாது. படம் எடுக்கும்போது பதினேழு வருடம் பிள்ளைகளைப் பிடித்து நின்ற ஒருவருக்குப் பூச்சியமாகவே பதிவு இருந்தால், அந்தப் பூச்சியமே உங்கள் சாட்சி. பதிவே இல்லை என்று கைவிரித்தாலும் சரி. கையில் இருக்கும் சாட்சியத்தை ஒருவர் மறைத்தால் அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம். மருத்துவ நிலையம் தனியாருடையது, ஆனால் பேரவை அரச நிறுவனம். ஆகவே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதனிடம் கேட்கலாம், தமிழிலேயே. அந்த நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருந்ததா, எந்தெந்த வருடம், கதிர்வீச்சுத் தொழிலாளர் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா, உங்கள் பேட்ஜ் அளவுகள் என்ன, பரிசோதனைக்கு வந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

சாட்சிகள் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள். கை முறிந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தாய், நீங்கள் வெறும் சேலையோடு அவனைப் பிடித்து நின்றதைப் பார்த்திருப்பாள். பிள்ளையைப் பிடிப்பது முடிந்தவரை கூட வந்த உறவினரின் வேலை, அவருக்கும் கோட் போட்டு. ஒரே ஊழியரைத் தினமும் நிறுத்துவதுதான் கூடாத காரியம். நீங்கள் பிடித்து நின்றதைப் பார்த்த இரண்டு மூன்று பேரிடம் சத்தியக்கடதாசி வாங்கலாம். எக்ஸ்ரே பதிவுப் புத்தகத்தில் நாளும் பெயரும் இருக்கும். ஈ.பி.எஃப். கூற்று உங்கள் 17 வருடத்துக்குச் சான்று, நியமனக் கடிதம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

வழக்குக்கு வழி இரண்டு. ஒன்று, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோருவது. 1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 2022இல் திருத்தப்பட்டு உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாய் ஆனது. தொழிலால் வந்த நோயும் இதற்குள் வரும். மற்றது, கவனயீனத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. தொகை கூடலாம், காலமும் செலவும் கூடும், வைத்திய நிபுணர் சாட்சியமும் வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது என்பதால், எதையும் தாக்கல் செய்யுமுன் ஒரு சட்டத்தரணியோடு இருந்து பேசுங்கள். வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம், இலவசம். என் எண்ணம் முதல் வழி.

எதுவானாலும் நாள் கடத்தாதீர்கள். கவனயீன வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம். நோய் தெரிந்த நாளிலிருந்து கணக்கிட்டால்கூட உங்களுக்கு மிச்சம் பத்து மாதம், எதிர்த்தரப்பு அதற்கும் முந்திய நாளைக் காட்டி வாதாடும்.

நீங்கள் மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டுமா என்பது வைத்தியர் சொல்ல வேண்டியது. அவர் வேண்டாம் என்றால் முதலாளி உங்களை அங்கே நிறுத்தக் கூடாது. இலங்கை 1986இல் ஏற்றுக்கொண்ட கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சமவாயத்தில் அது இருக்கிறது.

மகள் விஷயம். 19 வயதுப் பிள்ளை அந்த வேலை செய்யச் சட்டத்தில் தடை இல்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. போவதென்றால் நியமனக் கடிதம், அவளுக்கென்று ஒரு ஈயக் கோட், அவள் பெயரில் பேட்ஜ், மூன்றும் முதல் நாளுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். லாச்சியைத் திறந்து உங்கள் பழைய பேட்ஜை அவளிடம் நீட்டினால், வாங்காமல் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தப் படம் எனக்கு வேண்டும்.