ஒரு கண் மட்டும் ஏன்?

கேள்வி: தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவதை ஆங்கிலத்தில் 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' (ஒரு குருட்டுக் கண்ணைத் திருப்புவது) என்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விடுகிறவர் இரண்டு கண்ணையும் அல்லவா மூட வேண்டும்? அதென்ன ஒரு கண் கணக்கு?

பதில்: கதைப்படி கணக்கு சரிதான். அதன் நாயகனுக்குப் பார்வை இருந்ததே ஒரு கண்ணில்தான்! பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சன். 1794-இல் கோர்சிகா தீவின் கால்வி நகரை முற்றுகையிட்டபோது, குண்டு விழுந்து தெறித்த கல்லும் மண்ணும் பட்டு வலது கண் பார்வை போயிற்று. (படங்களில் அந்தக் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிவிடுகிறார்கள். அவர் கட்டியதே இல்லை.)

1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன். டென்மார்க் கப்பல்களோடு நெல்சன் மோதிக்கொண்டிருக்கிறார். மேலதிகாரி ஹைட் பார்க்கர் தொலைவில் நிற்கிறார். தங்கள் கப்பல்களில் மூன்று தரைதட்டி நின்றுவிட்டதால் கவலைப்பட்டு, 39-ஆம் எண் சைகைக் கொடியை ஏற்றச் சொன்னார். சண்டையை நிறுத்து என்று பொருள். நெல்சன், அருகில் நின்ற கேப்டன் ஃபோலியிடம், "எனக்கு ஒரு கண்தான், சில சமயம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு" என்றார். தொலைநோக்கியை வலது கண்ணில் வைத்து, "உண்மையாகவே கொடி தெரியவில்லை" என்றாராம். உடனிருந்த கர்னல் ஸ்டூவர்ட் சொன்னது இது.

என்னைக் கேட்டால், அது சுற்றி நின்றவர்களுக்காகப் போட்ட நாடகம். கொடி ஏறிய சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டது. 'நெருங்கிப் போரிடு' என்ற தன் 16-ஆம் எண் கொடியை இறக்காதே என்று உத்தரவும் போட்டுவிட்டார். அப்புறம் எதற்குத் தொலைநோக்கி?

அதே கொடியைப் பார்த்த இன்னொருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிறு போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் எட்வர்ட் ரியூ. அவர் கீழ்ப்படிந்தார். "நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று வருந்திக்கொண்டே கப்பலைத் திருப்பினார். திரும்பும்போது பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். கீழ்ப்படியாத நெல்சனுக்கு விஸ்கவுண்ட் பட்டம் கிடைத்தது. பார்க்கரைத் திருப்பி அழைத்துக்கொண்டு, அந்தப் பதவியையும் நெல்சனுக்கே கொடுத்தார்கள்.

இன்னொன்று. தொடரை உருவாக்கியவர் நெல்சன் என்று எழுதுகிறார்கள், அது தவறு. அவர் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்ததுதான். கோபன்ஹேகன் கதை அதை ஊரறியச் செய்தது, அவ்வளவே.